பழுப்புக் கிண்ணக் காளான்: ஒருவழியாக நீலம் வந்துவிட்டது

போடிமெட்டைத் தாண்டி, நண்பரின் ஏலக்காட்டில் மட்கிய கட்டை மேல் எடுத்த பழுப்புக் கிண்ணம் பெசிசா என்ற கிண்ணக் காளான் பேரினமேதான். அயோடின் விட்டு மைக்ரோஸ்கோப்பில் 40 எக்ஸில் பார்த்தால் சுற்றிலும் வெளிர்மஞ்சள், வித்துகள் விளையும் ஒவ்வொரு வித்துப்பையின் நுனி மட்டும் பேனா மையில் தோய்த்ததுபோல் நீலம். இவ்வளவு சுத்தமான நீலம் என் ஸ்லைடில் வந்ததே இல்லை.

பழுப்புக் கிண்ணத்தை வெறுங்கண்ணால் பார்த்துப் பெயர் வைப்பது ஆகாத காரியம். ஒடிடியா என்ற வேறொரு பேரினமும் பழுப்பில் வரும். அதன் கிண்ணம் ஒரு பக்கம் பிளந்திருக்கும். பை நுனி நீலமாகாது.

படுத்தி எடுத்தது குறுக்குவெட்டு. இதன் சதை தொட்டாலே ஒடிகிறது. விரலில் பிடித்து அறுத்தால் நசுங்கும், கேரட்டில் செருகினால் வழுக்கும். கைகொடுத்தது மரவள்ளித் தண்டின் நெட்டி! தண்டைப் பிளந்து வெள்ளை நெட்டியை உருவி, அதில் ஒரு கீறல் போட்டு, காளான் துண்டைச் செருகி இரண்டையும் சேர்த்தே சீவ வேண்டும். பிளேடு புதிதாக இருக்க வேண்டும், நனைந்திருக்க வேண்டும். அழுத்தவே கூடாது, நம் பக்கமாக இழுத்தால் போதும். சீவல் தண்ணீரில் விழுந்ததும் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தால் அதுதான் சரியான சீவல். மெல்லிய பிரஷ்ஷால் எடுத்து ஸ்லைடில் வைக்கலாம்.

அப்படிச் சீவியதில்தான் சதையின் நடுப்பட்டை தெரிந்தது. மேலும் கீழும் உருண்டை உருண்டையாகச் செல்கள், நடுவே பின்னிக்கிடக்கும் மெல்லிய இழைகள். பெசிசா வேரியாவும் அதைப் போன்ற இனங்களும் சேர்ந்த வேரியா கூட்டத்தில் தேட வேண்டியது இதைத்தான்.

அயோடினைப் பற்றி ஒன்று. செக் நாட்டு மெல்சர் ருசுலா காளான்களுக்காக 1924-இல் செய்த கரைசலுக்குக் குளோரல் ஹைட்ரேட் வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அது லேசில் கிடைக்காது. இந்த வேலைக்கு லூகால் என்ற அயோடின் கரைசல் தாராளம்: 5% அயோடின், 10% பொட்டாசியம் அயோடைடு. ஆன்லைனில் வாங்கிய ஒரு பாட்டில் டீத்தண்ணீர் நிறத்துக்கு வெளிறி வந்தது, காசு தண்டம். தேனியில் கல்லூரிகளுக்குச் சாமான் போடும் கடையில் கிடைத்தது அடர்த்தியாக இருக்கிறது. பழுப்புப் பாட்டிலில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

வித்தைப் பைக்குள் வைத்து அளக்க வேண்டாம், முற்றியிருக்காது. கிண்ணத்தை டப்பாவுக்குள் ஸ்லைடு மேல் கவிழ்த்து வைத்தால் ராத்திரியில் முற்றிய வித்தைத் தானே தெளித்துவிடும். காலையில் மூடியைத் திறந்த வேகத்தில் இன்னொரு தடவை வித்து குப்பென்று புகைபோல் கிளம்பியது, பார்க்க அத்தனை சந்தோஷம். வித்து நீள்வட்டம், எண்ணெய்த்துளி இல்லை, நீளம் 14-15 மைக்ரான், அகலம் 8-9. பெசிசா பாடியா என்ற இன்னொரு பழுப்பு இனம் என்றால் வித்தின் மேல் வலைபோல் மேடுகள் இருக்கும். இதில் வழவழவென்று இருக்கிறது.

அந்த வழவழப்பைக் காட்டன் புளூ சாயம் போட்டு உறுதி செய்ய வேண்டும், அதே கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை நோட்டில் 'வேரியா கூட்டம்' என்று மட்டும் இருக்கும். அப்புறம், அதே காட்டில் விழுந்த சுள்ளிகளில் மயிர் முளைத்த இளஞ்சிவப்புக் குக்கீனா என்ற இன்னொரு கிண்ணக் காளான் ஏகமாகக் கிடக்கிறது. நெட்டி மிச்சம் இருக்கிறது, அடுத்து அதைச் சீவப் போகிறேன்.