வாங்கிற பக்கமோ, விக்கிற பக்கமோ

"தம்பி, இந்த முறை விக்கத்தான் வேணும். இனியும் வச்சிருந்தால் நட்டம்."

புட்டில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னார். 2024 ஜூலை, கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு கிடங்கு, மாலை ஷிப்ட்டின் சாப்பாட்டு இடைவேளை. நான் திருச்சியிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதற்குள் ஒன்று தெரிந்துபோயிருந்தது: இந்த ஊரில் இரண்டு தமிழர் உட்கார்ந்து பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் வீட்டு விலை வந்துவிடும். வட்டி ஏறிவிட்டது, அடுத்த தெருக்காரர் விற்க முடியாமல் நிற்கிறார், இப்படி. நானோ பேஸ்மெண்டில் ஓர் அறையை இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தவன். இருந்தாலும் மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே.

"எத்தனை பெட்ரூம்ணே?"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன பெட்ரூம்? நான் கிகுச்சியைச் சொல்லுறன்."

பேஸ்பால் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். பந்து, மட்டை, ஓட்டம் எல்லாம் பிறகு. முதலில் தெரிந்தது கொடுக்கல் வாங்கல்.

யுசேய் கிகுச்சி ஜப்பான்காரர், இடது கையால் பந்து வீசுகிற பிட்ச்சர், டொராண்டோ ப்ளூ ஜேஸ் அணியில் இருந்தார். அந்த வருடத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. ஜேஸ் அணியோ தன் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்தது. சீசனில் 162 ஆட்டம். நூறு முடிந்த நிலையில் தேறாது என்று தெரிந்துவிட்டால் நிர்வாகம் என்ன செய்யும்? ஒப்பந்தம் முடியப்போகிறவர்களை, ஜெயிக்கும் நிலையில் இருக்கிற அணிகளுக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு வளர்கிற பையன்களை வாங்கிக்கொள்ளும். வைத்திருந்தால் அக்டோபர் முடிந்ததும் ஆள் தானாகவே போய்விடுவார், கையில் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு ஒரு கெடு உண்டு. அந்த வருடம் ஜூலை 30, மாலை 6 மணி. எங்கள் சாப்பாட்டு இடைவேளையும் 6 மணி. கேட்கவா வேண்டும்.

கெடு நெருங்கினால் ஊரே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நாம் வாங்குகிற பக்கமா, விற்கிற பக்கமா? "நாம்" என்பதைக் கவனிக்க வேண்டும். மணிக் கூலிக்குப் பெட்டி அடுக்குகிறவர்கள், ஏதோ தாங்களே செக்கில் கையெழுத்துப் போடுவதுபோலப் பேசுவார்கள். அண்ணனிடம் இதற்கு நியாயமும் இருந்தது. அணி, மைதானம், ஆட்டத்தைக் காட்டுகிற டிவி மூன்றும் ரோஜர்ஸ் கம்பெனியுடையவை. "போன் பில் ஆர் கட்டுறது? நாங்கள். அப்ப எங்களுக்கும் பங்கிருக்குத்தானே?"

எங்கள் மேஜையில் மூன்று கட்சி. அண்ணன் விற்கிற கட்சி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற டொமினிக்கன் நண்பர், யாரை வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள், விளாடிமிர் கெரேரோ ஜூனியரை மட்டும் தொடக்கூடாது என்கிற கட்சி. கெரேரோ பிறந்தது மாண்ட்ரியலில், அப்பா அங்கே ஆடிக்கொண்டிருந்த காலத்தில். வளர்ந்தது டொமினிக்கன் குடியரசில். ஆகவே இந்த நாட்டுக்கும் பிள்ளை, அவர் நாட்டுக்கும் பிள்ளை. மூன்றாவது, ஓய்வு பெறுகிற வயதில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அவருக்கு எல்லாமே 1992தான். அந்த ஆகஸ்டில் டேவிட் கோன் என்ற பிட்ச்சரை வாங்க ஜெஃப் கென்ட் என்ற இளைஞரையும் இன்னொருவரையும் ஜேஸ் கொடுத்தது. அக்டோபரில் கோப்பை. கென்ட் பின்னாளில் 2000ஆம் ஆண்டு நேஷனல் லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரராக வந்தார். "கொடுத்ததற்கு வருத்தப்படுகிறீர்களா?" என்று கேட்டால் பெரியவர் சிரிப்பார். கோப்பை வந்துவிட்டதே.

1992 என்றதும் அண்ணனுக்கும் ஒரு கதை உண்டு. அவர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார் (கழுவுகிற கோப்பை). ராத்திரி யங் தெருவில் திடீரென்று ஆயிரக்கணக்கில் சனம், கூச்சல், கார் ஹாரன். கொழும்பையும் ஜூலை 83ஐயும் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பின்கதவைப் பூட்டிவிட்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றாராம். கூட வேலை செய்தவன் வந்து இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தியபோது, முன்பின் தெரியாத ஒரு ஆள் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். "ஆரோ செத்துப்போச்சினம் எண்டு நான் நினைச்சன். பாத்தால் வெண்டிருக்கிறாங்கள்." அன்றிலிருந்து அவர் ஜேஸ் ரசிகர்.

ஜூலை 30 வந்தது. அதற்கு முந்தைய இரவே கிகுச்சி ஹூஸ்டனுக்குப் போய்விட்டார். அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியின் மடலைக் கிழித்து, மார்க்கரால் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் "போனவை", வலது பக்கம் "வந்தவை" என்று எழுதினார். ஆட்களை அஃறிணையில் எழுதலாமா என்று கேட்டேன். "சரக்குத்தானே" என்றார். யிமி கார்சியா, டேனி ஜேன்சன், நேட் பியர்சன், ஜஸ்டின் டர்னர், கிகுச்சி. மாலை 6 மணிக்குள் கெவின் கீர்மையர், கைனர்-ஃபலேஃபா, டிரெவர் ரிச்சர்ட்ஸ். ஐந்து நாளில் எட்டுப் பேர். வலது பக்கத்துப் பெயர்களில் பலவற்றை மேஜையில் ஒருவருமே கேள்விப்பட்டதில்லை. டொமினிக்கன் நண்பர் ஒவ்வொன்றையும் போனில் தேடி, வயது, ஊர், எத்தனையாவது படியில் ஆடுகிறான் என்று வாசித்தார், பெண் வீட்டார் ஜாதகம் வாசிக்கிற மாதிரி.

"நீ கணக்குப் படிச்சனி, சொல்லு. லாபமோ நட்டமோ?"

ஊரில் நான் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பத்து வருடம் கணக்கு பார்த்தவன். அந்தப் பத்து வருடம் இங்கே செல்லாது. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: கனடா அனுபவம் இருக்கிறதா? இங்கே அனுபவம் வர வேலை வேண்டும், வேலை வர அனுபவம் வேண்டும். அப்புறம் ஏஜென்சி வழியாக இந்தக் கிடங்கு. இன்னும் பெரிய லீக்கில் ஆடாத, ஆனால் ஆடக்கூடும் என்று நம்பப்படுகிற பையனை "ப்ராஸ்பெக்ட்" என்பார்கள். பத்தொன்பது, இருபது, மிஞ்சினால் இருபத்திரண்டு வயது. நான் முப்பத்தாறு வயது ப்ராஸ்பெக்ட்.

என் பதிலைச் சொன்னேன். ஒப்பந்தம் முடிகிற கிகுச்சிக்கு மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள், அது நல்ல விலை. கெரேரோவுக்கும் இன்னொரு நட்சத்திரமான போ பிஷெட்டுக்கும் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது. அவர்களை விற்காமல் வைத்தது அடுத்த வருடத்துக்கான பந்தயம். அது பலித்தால் மேலே இருப்பவர்கள் மேதைகள், பலிக்காவிட்டால் இரண்டு பேரையும் சும்மா விட்ட முட்டாள்கள். டொமினிக்கன் நண்பர் என் முதுகில் தட்டினார். அண்ணன் தலையாட்டவில்லை.

மேலே இருப்பவர்கள் மேல் அண்ணனுக்குத் தீராத கோபம். அணித் தலைவர் மார்க் ஷபைரோ, பொது மேலாளர் ராஸ் அட்கின்ஸ், இரண்டு பேரும் க்ளீவ்லேண்டிலிருந்து வந்தவர்கள். 2023 அக்டோபரில் மினசோட்டாவில் நடந்ததை, நான் நாட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்ததை, எனக்கு எத்தனை பேர் எத்தனை தடவை விளக்கியிருப்பார்கள்! ஹொசே பெரியோஸ் பிரமாதமாக வீசிக்கொண்டிருந்தார். 47 பந்துதான் ஆகியிருந்தது. நான்காவது இன்னிங்ஸில் அவரை வெளியே எடுத்துவிட்டு இதே கிகுச்சியைக் கொண்டுவந்தார்கள். 2-0 என்று தோற்று வீட்டுக்கு வந்தார்கள். முடிவெடுத்தது களத்தில் நின்ற மேனேஜரா, மாடியில் கம்ப்யூட்டர் பார்த்தவர்களா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. எங்கள் கிடங்கிலும் ஆபிஸ் மாடியில்தான், கண்ணாடி ஜன்னலோடு. "மேலை இருக்கிறவங்கள்" என்று அண்ணன் சொல்லும்போது அவர் கண் எந்த மாடியைப் பார்க்கிறது என்று சொல்ல முடியாது.

அவருடைய ஆள் முன்னாள் பொது மேலாளர் அலெக்ஸ் ஆந்தபுலஸ். மாண்ட்ரியல்காரர். 2015 ஜூலையில், ஜெயித்ததும் தோற்றதும் ஏறக்குறைய சமமாக இருந்த ஜேஸ் அணிக்கு இரண்டே மூன்று நாளில் ட்ராய் டுலோவிட்ஸ்கி, டேவிட் பிரைஸ் என்ற இரண்டு நட்சத்திரங்களை வாங்கி வந்தார். இருபத்திரண்டு வருடம் கழித்து அணி பிளேஆஃப் என்கிற கோப்பைச் சுற்றுகளுக்குப் போனது. அந்த வருடமே அவரும் வேலையை விட்டுப் போனார். 2021இல் அட்லாண்டாவில் அதையே மறுபடி செய்தார்: நட்சத்திர ஆட்டக்காரர் அகுன்யாவுக்கு அடிபட்டு, அணி தள்ளாடிக்கொண்டிருந்தபோது, விற்காமல் நாலு அவுட்ஃபீல்டர்களை வாங்கினார். கோப்பை. அதில் ஒருவரான ஹோர்கே சோலேர்தான் இறுதித் தொடரின் நாயகன். "துணிவு வேணும் தம்பி. கணக்கு எல்லாருக்கும் தெரியும்." எனக்கு இது முழுக்க நியாயமாகப் படவில்லை. தள்ளாடுகிறபோது வாங்கித் தோற்ற அணிகளின் கதையை யாரும் சாப்பாட்டு மேஜையில் சொல்வதில்லை. அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து, புட்டில் ஒரு வாய் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

எனக்கு உண்மையில் உறுத்தியது வேறு. நான் வளர்ந்தது தோனி இருக்கிற வரைக்கும் சென்னை என்கிற ஊரில். அங்கே ஏலம் உண்டு, ஆனால் ஆட்டக்காரன்தான் அணி. இங்கே ஒரு ஆள் மத்தியானம் ஒரு ஊரில் பயிற்சி செய்துகொண்டிருப்பான், சாயங்காலம் பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்பான். சனம் இரண்டு நிமிடம் வருத்தப்பட்டுவிட்டு, பதிலுக்கு யார் என்று கேட்கும். சரி, பழகிவிடும் என்றார்கள். பழகிவிட்டது. 2025 நவம்பரில் ஜடேஜாவைக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை சென்னை வாங்கியபோது, திருச்சி நண்பர்களின் வாட்ஸ்அப் குழு எழவு வீடாகக் கிடந்தது. நான் போய், "வயசு முப்பத்தாறு ஆச்சே, சரியான நேரத்துல கைமாத்திட்டாங்க" என்று எழுதினேன். ஒருவன் என்னைக் குழுவிலிருந்து இரண்டு நாள் நீக்கிவைத்தான்.

2024 ஆகஸ்ட் 26ஆம் தேதியைச் சொல்லியே ஆக வேண்டும். ஜூன் மாதம் பாஸ்டனில் ஜேஸ் ஆடிய ஒரு ஆட்டம் மழையால் பாதியில் நின்றிருந்தது. நின்றபோது மட்டையோடு நின்றவர் டேனி ஜேன்சன். 2013இலிருந்து டொராண்டோ அமைப்பிலேயே வளர்ந்த விக்கெட் கீப்பர் மாதிரியான ஆள், கேட்சர் என்பார்கள். ஜூலைக் கடைசியில் அவரை பாஸ்டனுக்கே விற்றுவிட்டார்கள். ஆகஸ்டில் அந்த ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியபோது, அதே இடத்தில், மட்டைக்குப் பின்னால், பாஸ்டன் சட்டையோடு குத்தவைத்து உட்கார்ந்திருந்தார் ஜேன்சன். அவர் பாதியில் விட்ட முறையை ஆட டொராண்டோவின் டால்டன் வார்ஷோ வந்தார். ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதல் ஆள். ராத்திரி பேஸ்மெண்டில் அதைப் போனில் இரண்டு தடவை பார்த்தேன். முகமூடிக்குள் அவர் முகம் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, ஏஜென்சியிலிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி: திங்கள் முதல் ஏஜாக்ஸில் வேறு கிடங்கு. அவ்வளவுதான், காரணம் எதுவும் இல்லை. பஸ் இரண்டு மாற வேண்டும். இடைவேளையில் சொன்னபோது மேஜை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. டொமினிக்கன் நண்பர்தான் கேட்டார், உனக்குப் பதிலாக எங்களுக்கு யாரைத் தருகிறார்கள் என்று. அண்ணன் எழுந்து போய், வெண்டிங் மெஷின் மேல் சாய்த்துவைத்திருந்த அட்டையை எடுத்து, "போனவை" பக்கத்தில் ஒன்பதாவதாக என் பெயரை எழுதினார்.

அந்த வருடம் ஜேஸ் 74 ஜெயித்து 88 தோற்றது. அடுத்த வருடம் ஏப்ரலில் கெரேரோவுக்குப் பதினாலு வருடம், 50 கோடி டாலர். விற்ற யிமி கார்சியாவைத் திரும்பக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். 94 ஜெயித்துப் பிரிவில் முதலிடம். 2025 ஜூலையில் நாங்கள் வாங்குகிற பக்கம். பால்டிமோரில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், நடுவில் எதிரணியிலிருந்தே செரந்தனி டொமிங்கெஸ் என்ற பிட்ச்சரை வாங்கினார்கள். மனிதர் இந்தப் பக்கத்து ஓய்வறையிலிருந்து அந்தப் பக்கம் நடந்து வந்து இரண்டாவது ஆட்டத்தில் பந்தும் வீசினார். ஷேன் பீபர் என்ற பிட்ச்சரை வாங்க கால் ஸ்டீஃபன் என்ற பையனைக் கொடுத்தார்கள். பீபருக்கு முழங்கையில் அறுவை நடந்து, அந்த வருடம் பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசியிருக்கவில்லை. அண்ணன் போனில் அரை மணி நேரம் திட்டினார். அப்புறம் இறுதித் தொடரின் நாலாவது ஆட்டத்தில் அதே பீபர் லாஸ் ஏஞ்சலஸில் டாட்ஜர்ஸ் அணியின் நட்சத்திரம் ஓட்டானிக்கு எதிராக இறங்கி ஜெயித்தபோது, திட்டியது யார் என்று கேட்டால் தெரியாது என்றார்.

ஏழாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் 4-3 என்று முன்னால் இருந்தோம், இரண்டு பேர் அவுட் ஆனால் கோப்பை. டாட்ஜர்ஸின் ரோஹாஸ் அடித்துச் சமன் செய்தார். பதினொன்றாவது இன்னிங்ஸில் பந்து பீபர் கையில். டாட்ஜர்ஸின் வில் ஸ்மித் அடித்தது இடது பக்க வேலிக்கு மேலே போனது. 5-4.

திங்கட்கிழமை ஏஜாக்ஸில் சாப்பாட்டு மேஜையில் இருந்தபோது அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. புது அட்டை, அதே மார்க்கர். "போனவை: ஸ்டீஃபன். வந்தவை: பீபர்." கீழே, "கணக்குப்பிள்ளை, லாபமோ நட்டமோ?"

நாலாவது ஆட்டத்தை எழுதினேன், அழித்தேன். பதினொன்றாவது இன்னிங்ஸை எழுதினேன், அழித்தேன். கடைசியில், "ஸ்டீஃபன் இன்னும் பெரிய லீக்குக்கு வரவில்லைணே. கணக்கு முடியவில்லை" என்று அனுப்பினேன்.

பதில் குரலாக வந்தது. "அதை விடு. பிஷெட்டின்ரை ஒப்பந்தம் முடிஞ்சுது. இப்ப என்ன செய்யப் போறாங்கள்?" பின்னால் டொமினிக்கன் நண்பர் ஸ்பானிஷில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நடுவில் மைக்ரோவேவ் மணி அடித்தது.