அசைவின்மையும் தண்டுவடமும்

அறுவைச் சிகிச்சையில் கத்தி பட்டும் நோயாளி அசையாமல் கிடந்தால், மூளை உறங்கிவிட்டதே அதற்குக் காரணம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வாயு வடிவ மயக்க மருந்துகள் உடலை அசையாமல் வைப்பது பெரும்பாலும் தண்டுவடத்தின் வழியாகத்தான் என்பது 1990களில்தான் தெளிவாயிற்று.

அம்மருந்துகளின் வலிமையை ஒப்பிட மயக்கவியல் மருத்துவர் எட்மண்ட் ஈகரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960களில் ஓர் அளவுகோலை வகுத்தனர். தோலைக் கீறும்போது நோயாளிகளில் பாதிப்பேர் அசையாதிருக்க, நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் மருந்து எவ்வளவு செறிவில் இருக்க வேண்டும் என்பதே அது. ஹாலோத்தேன் என்னும் மயக்க வாயுவுக்கு அது ஏறத்தாழ 0.75 விழுக்காடு, செவோஃப்ளுரேன் என்னும் வாயுவுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. மயக்கத்தின் ஆழத்தை அளப்பதாக நம்பிய பலரும் உண்மையில் ஓர் அனிச்சைச் செயலைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1993இல் ராம்பிலும் அவர் குழுவினரும் எலிகளின் முன்மூளையை நீக்கிய பிறகும் ஐசோஃப்ளுரேன் என்னும் மயக்க வாயுவின் இந்த அளவு மாறவில்லை என்று கண்டனர். அதே ஆண்டில் ஆன்டோக்னினியும் ஷ்வார்ட்ஸும் ஆடுகளில் மூளையின் ரத்த ஓட்டத்தை உடலின் ஓட்டத்திலிருந்து பிரித்துச் சோதித்தனர். உடல் முழுவதற்கும் ஐசோஃப்ளுரேன் சென்றபோது ஏறத்தாழ 1.2 விழுக்காடு போதுமானதாக இருந்தது. மூளைக்கு மட்டும் செலுத்தியபோது ஏறத்தாழ 2.9 விழுக்காடு தேவைப்பட்டது. முன்னதைவிட இந்தச் சோதனையே எனக்கு அழுத்தமான சான்றாகப் படுகிறது, ஏனெனில் இதில் மூளை சிதைக்கப்படவில்லை.

தண்டுவடத்தின் பின்பகுதியான பின்கொம்பில் நுழையும் வலிச் செய்தி, இடைநரம்பணுக்களைக் கடந்து முன்பகுதியான முன்கொம்பிலுள்ள, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடைந்தால்தான் கால் விலகும். மயக்க வாயுக்கள், நரம்பணுக்களை அடக்கும் வேதிப்பொருளான கிளைசினின் ஏற்பிகளுடைய விளைவைக் கூட்டி, கிளரச் செய்யும் வேதிப்பொருளான குளூட்டமேட்டின் தூண்டுதலைக் குறைத்து, நரம்பணுச் சவ்விலுள்ள சில பொட்டாசியம் வாயில்களையும் திறந்துவிடுவதால், அந்த இயக்க நரம்பணுக்கள் எளிதில் கிளர்வதில்லை. சிரை வழியாகச் செலுத்தப்படும் மயக்க மருந்தான புரோப்போஃபாலோ பெரிதும், அடக்கும் வேதிப்பொருளான காபாவின் ஏற்பிகளையே நாடுகிறது. அவ்வேற்பியின் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய எலிகளில், அம்மருந்தால் கால் விலகும் அனிச்சையை அடக்க முடியவில்லை என்று 2003இல் காட்டப்பட்டது.

நினைவை இழக்கச் செய்ய ஐசோஃப்ளுரேனின் அந்த அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே போதும். எனவே கை சற்று அசைந்தவுடன் நோயாளி விழித்துவிட்டார் என்று முடிவுசெய்வது பெரும்பாலும் பிழை. மூளையின் மின்னலைகளைக் கணிக்கும் கருவிகள் அசைவை முன்கூட்டிச் சொல்வதில் தடுமாறுவதும் இதனால்தான். தசைத்தளர்ச்சி மருந்து கொடுத்திருந்தாலோ, நரம்பும் தசையும் சேருமிடமே அடைபட்டுவிடுவதால், அசைவின்மை மூளையைப் பற்றியும் தண்டுவடத்தைப் பற்றியும் எதையும் சொல்லாது.