பொத்தானில் பேசுபவர் யார்?

இணையதள இடைமுகங்களைத் தமிழாக்கும் எங்கள் வேலையில் ஓயாமல் எழும் வழக்கு, பயனரிடம் எந்த வினைமுற்றில் பேசுவது என்பதுதான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நிற்கும் ஏவலுக்கு ‘சேமி’, ‘சேமிக்க’, ‘சேமிக்கவும்’, ‘சேமியுங்கள்’ என நான்கு வடிவங்கள் நம் கைக்கு வருகின்றன. எல்லா இடத்திலும் ‘வும்’ சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிடும் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்துபவர் பயனர். அங்கே ஏவுபவர் அவர், ஏவப்படுவது கணினி. ஆகவே ‘சேமி’, ‘அனுப்பு’ என்று இருப்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை; தமிழ் விக்கிப்பீடியாவின் ‘தொகு’ என்ற சொல்லும் இவ்வகையே. உள்ளீட்டுப் பெட்டியின் மேலுள்ள குறிப்பில் பேசுவது தளம். அங்கே ‘கடவுச்சொல்லை உள்ளிடு’ என்பது அதட்டலாகிவிடும்; ‘உள்ளிடுங்கள்’ என்றுதான் எழுத வேண்டும். ‘உள்ளிடவும்’ பிழையன்று, ஆனால் அலுவலக அறிவிப்புப் பலகையின் வாடை அதில் சற்று வீசுகிறது.

சிக்கல் தருவது ‘உள்நுழை’. பொத்தானில் இருந்தாலும், நுழைபவர் பயனரே தவிரக் கணினி அன்று. எனவே மேற்சொன்ன நியாயம் இங்கே செல்லாது. இவ்விடத்தில் நான் ‘உள்நுழைக’ என்ற வியங்கோளையே பரிந்துரைக்கிறேன். வியங்கோள் மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொது என்கிறது நன்னூல். ஒருமையில் அழைத்த குறையும் நேராது, சிறிய பொத்தானிலும் அடங்கும்.

வினைமுற்றைச் சரிசெய்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஓய்வூதிய விண்ணப்பம் ஒன்றைச் சோதித்தபோது, முதியவர் ஒருவர் ஆதார் எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டார். ‘தவறான எண்ணை உள்ளிட்டுள்ளீர்கள்’ என்று சிவப்பில் வந்ததும், திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மகளைப் பார்த்தார். ‘ஈர்கள்’ முழுதாக இருந்தும் அந்த வரி அவர்மீது குற்றம் சுமத்தியது. ‘ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள் இருக்க வேண்டும்; இங்கே 11 உள்ளன’ என்று அதை மாற்றி எழுதினோம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது அந்த வரியிலேயே தெரிகிறது. பெரியவரைத் தலைகுனிய வைக்கும் சொல் எதுவும் அதில் இல்லை.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் ஜெர்மன் மொழிக்கு வழக்கமான வடிவத்தோடு, பயனரை மரியாதையாக விளிக்கும் தனி வடிவமும் உண்டு. தமிழுக்கு அப்படி இரண்டு தேவையில்லை என்பது என் எண்ணம். முன்பின் அறியாதவரை ‘நீங்கள்’ என்பதே நம் வழக்கம். சிறுவர்க்கான தளங்களிலும் அதுவே தகும், பெற்றோரும் உடனிருந்து படிப்பார்கள் அல்லவா?

படர்க்கையிலும் இதே கவனம் வேண்டும். ‘உங்களைப் பின்தொடர்கிறார்’ என்ற ஒரே வரியை எல்லாப் பெயர்களுக்கும் பொருத்தினால், ஆண், பெண் இருவருக்கும் மரியாதையாக அமையும் அது, ஒரு கடையின் கணக்குக்கும் ‘ஆர்’ விகுதி சேர்த்துவிடும். நிறுவனக் கணக்குகளுக்கு ‘பின்தொடர்கிறது’ என்று தனி வரி வேண்டுமென நிரலாளர்களிடம் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடுகிறோம்.