வாளியில் போட்ட போன்

வேலூர் காந்தி ரோடு பக்கத்தில் ஒரு லாட்ஜில் பதினோரு வருஷமாக ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். தங்குபவர்களில் பாதிப் பேர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளத்துக்காரர்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர்கள் ரூம் சாவியைக் கொடுக்கும்போது டாக்டரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதனால்தானோ என்னவோ, ஜப்பானின் ஓம் ஷின்ரிக்யோ என்ற சாமியார் கூட்டத்தைப் பற்றிப் படித்தபோது இகுவோ ஹயாஷி என்ற பெயரிலேயே நின்றுவிட்டேன்.

அவர் இதய அறுவை சிகிச்சை டாக்டர். 1995 மார்ச் 20 காலை, டோக்கியோ சுரங்க ரயிலில், செய்தித்தாளில் சுற்றிய சரின் என்ற கொடிய நச்சுத் திரவம் இருந்த பையைக் குடை முனையால் குத்திவிட்டு இறங்கிப் போனார். அன்று ஐந்து ரயில்களில் இதே வேலை நடந்தது. அவர் குத்திய பையை கசுமிகசெகி நிலையத்தில் அப்புறப்படுத்திய ஊழியர்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதால் தூக்கு தப்பி ஆயுள் தண்டனை. குரு அசஹாராவையும் சேர்த்து 13 பேரை 2018 ஜூலையில் தூக்கிலிட்டார்கள்.

இத்தனையும் 1984இல் ஒரு யோகா வகுப்பில் ஆரம்பித்தது. ஐந்தே வருஷத்தில், அவர்களை எதிர்த்து நின்ற வக்கீல் சாகாமோட்டோவை மனைவி, கைக்குழந்தையோடு வீடு புகுந்து கொன்றார்கள்.

ஜப்பான் வரை எதற்கு? திருச்சி பக்கம் ஆசிரமம் வைத்திருந்த பிரேமானந்தாவுக்கு 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் இரட்டை ஆயுள் கொடுத்தது. கூடவே சீடர்களும் தண்டனை வாங்கினார்கள்.

"படிக்காததுங்கதான் இதுல போய் விழும்" என்பார் என் மச்சான். நான் பி.காம். நானும் விழுந்தவன்தான், அவருக்குத் தெரியாது.

அம்மா போன பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. சத்துவாச்சாரியில் ஒரு மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை தியானம் என்றார்கள், போனேன். வாசலில் ஒரு அக்கா "சாப்டியாப்பா?" என்றார். அம்மாவுக்கு அப்புறம் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அவ்வளவுதான், ஆறு மாசம் விடாமல் போனேன். போனை ஒரு நீல பெயின்ட் வாளியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். சரி என்றேன். கேள்வி கேட்பது அகங்காரம் என்றார்கள். அதற்கும் சரி. அப்புறம் ஒரு நாள், அம்மா திவசத்துக்குப் போகாதே, போனால் பந்தம் அறுபடாது என்றார்கள்.

ஞானம் வந்து விலகினேன் என்று சொன்னால் பொய். அண்ணன் திட்டுவாரே என்ற பயத்தில்தான் அந்த ஞாயிறு குடியாத்தம் பஸ் ஏறினேன். மறுபடி ஹாலுக்குப் போகக் கூச்சமாக இருந்தது, நின்றுவிட்டேன்.

அந்த ஹாலில் யாரும் யாரையும் கொல்லவில்லை. ஹயாஷி அந்தக் கூட்டத்தில் சேர்ந்த அன்றும் அவர் கையில் யாரும் குடையைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

போன மாசம் பழைய பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். "இளைச்சிட்டியேப்பா" என்றார். ஐந்து நிமிஷம் நின்று பேசினேன். நல்லாத்தான் இருந்தது.