ஓடைப் பூச்சிகளை எண்ணப் போன கதை

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு மாசி மாதக் காலையில், இலங்கையின் வன்னியில் எங்கள் பாடசாலைக்குப் பின்னால் ஓடும் ஓடையில் மீன்குஞ்சுகள் செத்து மிதந்தன. விஞ்ஞானம் படிப்பிக்கும் நானும் பத்தாந்தர மாணவர் சிலரும் நீர்ப் பரிசோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிட்டது. அமிலத்தன்மை, நைத்திரேற்று, கரைந்த ஒட்சிசன் என்று பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தோம்; எதிலும் குறை தெரியவில்லை. இரவோடிரவாக வந்த ஏதோ ஒன்று இரவோடிரவாகவே போய்விட்டது. அந்த ஓடை கனகராயன் ஆற்றில் விழுவது; கனகராயன் ஆறோ வவுனியாவில் தொடங்கி, இரணைமடுவில் தேங்கி, மிச்சம் சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போவது. நாங்கள் குடுவையில் பிடித்தது அந்த நிமிடத்து நீரை மட்டுமே என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஓடையை விட்டு ஓடாமல், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அதே கல்லிலும் வேரிலும் கிடக்கும் சீவன்களைக் கேட்டால் என்ன என்ற யோசனை புதியதல்ல. ஜேர்மனியில் கோல்க்விற்ஸ், மார்சன் என்னும் இருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, எந்த உயிரினம் எவ்வளவு கழிவைத் தாங்கும் என்று வகுத்துக் காட்டினார்கள். பிரித்தானியாவில் 1970களின் பிற்பகுதியில், நீர்ப்பூச்சிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளி கொடுக்கும் அட்டவணை ஒன்று உருவானது. மாசைத் தாங்காத குடும்பத்துக்கு 10, எதையும் தாங்கும் புழுவுக்கு 1. கிடைத்த குடும்பங்களின் புள்ளிகளைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். இவ்வளவு எளிமையாக இருக்கிறதே என்று நம்பித்தான் நாங்கள் இறங்கினோம்.

முதலில் அனுமதி. காப்புக்காட்டுக்குள் ஒரு பூச்சியையும் அனுமதியின்றி எடுக்கக்கூடாது என்பதால், மூன்று இடங்களையும் காட்டு எல்லைக்கு வெளியே தெரிந்தெடுத்தோம். மேலே, மருத மரங்கள் இரு கரையிலும் நிற்கும், ஆள்நடமாட்டம் குறைந்த துண்டு ஒன்று. நடுவில், வயல்களின் கழிவாய்க்கால் வந்து விழும் இடம். கீழே, ஊரார் குளித்து, உடுப்புத் தோய்த்து, உழவு இயந்திரம் கழுவும் மதகடி. மேல் இடத்துக்குப் போகும் பாதையை, கரையோடு வயல் செய்யும் அண்ணை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் முடிவு செய்தேன். மிதிவெடி அகற்றி முடிந்த நிலம் எது, முதலை படுக்கும் கிடங்கு எது, யானை இறங்கும் துறை எது என்பதெல்லாம் எந்த வரைபடத்தையும் விட அவருக்குத் திருத்தமாகத் தெரியும். எலிக்காய்ச்சலுக்குப் பயந்து, காலில் புண் உள்ள பிள்ளை எவரையும் தண்ணீரில் இறக்கவில்லை.

வலைதான் எங்களை முதலில் ஏமாற்றியது. பழைய நுளம்பு வலையை இரும்புக் கம்பியில் தைத்து, காட்டுத்தடி ஒன்றில் கட்டிக்கொண்டு போனோம். பெரிய தும்பிக் குடம்பிகளும் (நீருக்குள் வளரும் இளம் பருவம்) நத்தைகளும் நிறைய வந்தன; நுண்ணியவை எல்லாம் கண்ணி வழியே போய்விட்டன. நாங்களோ ஓடையில் சிறியவை இல்லை என்றே குறிப்பெழுதினோம். இந்த வேலைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கண்ணி அளவு அரை மில்லிமீற்றர். பிறகு, துணியில் அச்சடிக்கும் கடை ஒன்றில் கழித்த திரைத்துணியை வாங்கி, சைக்கிள் திருத்துபவரிடம் கம்பியை ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைவாகவும் அடிப்பித்தோம். நேர்ப்பக்கம் இருந்தால்தான் வலை ஓடையின் தரையோடு படிந்து நிற்கும். பிடித்ததைக் கொட்டிப் பார்க்க வெள்ளை நிற ஐஸ்கிரீம் பெட்டிகள். பொறுக்குவதற்கு வர்ணத் தூரிகைகள். தூரிகையின் நனைந்த நுனியால் தொட்டெடுத்தால் கால் உடையாது, வால் உடையாது. அதன் அருமை பின்னால்தான் தெரிந்தது.

எப்போது போவது என்பதில் நாங்கள் வாசித்த கைந்நூல்கள் எங்களுக்கு உதவவில்லை. அவை வருடம் முழுவதும் ஓடும் ஆறுகளுக்காக எழுதப்பட்டவை. எங்கள் ஓடையோ கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் மணலோடு சேர்த்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், ஆடி ஆவணியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடங்குகளில் மட்டும் நீர் விட்டுவைப்பது. வெள்ளம் வடிந்த மறுநாள் பிடித்தால் ஒன்றும் இராது. அதை மாசு என்று வாசித்தால் பிழை. கோடைக் கிடங்கில் பிடித்தால் குளத்துப் பூச்சிகளே வரும்; அதையும் மாசு என்று வாசித்தால் பிழை. வளர்ந்தவை பறந்து வந்து முட்டையிட்டும், ஈரமணலுக்குள் பதுங்கியிருந்தவை மேலே ஏறியும் ஓடை மறுபடி நிறைவதற்குச் சில வாரங்கள் வேண்டும். ஆகவே பெருவெள்ளம் வடிந்து நான்கு கிழமை கழித்து, தை மாத நடுப்பகுதியில், மூன்று இடங்களிலும் ஒரே நாளில் பிடிப்பது என்று தீர்மானித்தோம்.

பிடிக்கும் முறையையும் கொஞ்சம் மாற்றவேண்டி வந்தது. காலால் கற்களைக் கிளறி, மிதந்து வருவதைக் கீழே பிடித்த வலையில் ஏந்துவது மூன்று நிமிட முறை. அது கற்படுக்கை ஆறுகளுக்கு ஏற்றது. எங்களிடம் இருப்பதோ மணல். மணலைக் கிளறினால் வலை நிறைய மணல்தான். எனவே பல வகையான மூலைகளிலும் வலையை வைத்து மொத்தம் இருபது தடவை இழுக்கும் முறையை எடுத்தோம். மருத வேர்கள் நீருக்குள் தொங்கும் இடம், அழுகிய இலைக் குவியல், கரையோரப் புல், வெறும் மணல் ஆகியவை ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு பரப்பில் இருக்கின்றனவோ அந்த விகிதத்தில் இழுவைகளைப் பங்கிட்டோம். மேல் இடத்தில் வேர்க்கற்றையிலிருந்து ஒரே இழுவையில் வந்தவை, மணலில் ஐந்து இழுவையில் வந்தவற்றைவிட அதிகம்.

வலையைக் கொட்டியதும் பெட்டிக்குள் இலையும் சேறுமே தெரியும். ஐந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் குப்பை உயிர்கொண்டு நகரத் தொடங்கும். ஒரு மெல்லிய குச்சி தானாக நடந்தது; மணற் பருக்கைகளை ஒட்டிச் செய்த சின்னக் குழாய் ஒன்று தலையை நீட்டியது. கூடுகட்டும் இந்த நீர்ப்புழுவுக்குத் தமிழில் என்ன பெயர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவி “மணற்சட்டைக்காரன்” என்றாள். இன்றுவரை எங்கள் பதிவேட்டில் அதுதான் பெயர். முதுகைக் கீழே போட்டு நீந்தும் மூட்டுப்பூச்சி இனத்துக்கு “மல்லாக்கு நீச்சல்காரன்” என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்த பிறகு அவர்கள் எந்தப் பூச்சியையும் மறக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

அன்று நடந்த பெரும் பிழை என்னுடையது. எல்லாவற்றையும் உயிரோடு ஒரே போத்தலில் போட்டு, வீட்டில் வைத்து மறுநாள் பார்ப்போம் என்றேன். காலையில் தும்பிக் குடம்பிகள் மட்டும் கொழுத்திருந்தன. தும்பிக் குடம்பியின் கீழுதடு மடித்து வைத்த கைபோன்றது. கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னே பாய்ந்து இரையைக் கவ்விவிடும். அதற்குப் பிறகு மற்றவற்றைப் பிடித்துத் தின்பவற்றை வேறாகவே போட்டோம். பாதுகாத்து வைக்க எழுபது வீத எதனோல் வேண்டும். சுத்தமான எதனோல் இங்கே கடையில் கேட்டு வாங்கும் பொருள் அல்ல. மருந்தகத்தில் விற்கும் ஸ்பிரிட்டைப் பயன்படுத்தினோம். பூச்சிகளின் உடலிலுள்ள நீர் அதை ஐதாக்கிவிடுவதால் மறுநாள் ஒருமுறை மாற்ற வேண்டும். போத்தலுக்கு வெளியே பேனையால் எழுதிய பெயர் ஸ்பிரிட் பட்டுக் கரைந்தோடியதில், எந்த இடத்தது என்று தெரியாமல் இரண்டு போத்தல்களை வீசவேண்டி வந்தது. இப்போது பென்சிலால் எழுதிய துண்டைப் போத்தலுக்குள்ளேயே போடுகிறோம்.

அடையாளம் காணும் வேலை மூன்று கிழமை எடுத்தது. கைவில்லையும் பாடசாலையின் பழைய நுணுக்குக்காட்டியும் மட்டுமே எங்களிடம் இருந்தன. இனம் வரை போகத் தேவையில்லை, குடும்பம் தெரிந்தால் போதும் என்பது பெரிய ஆறுதல். கால் உண்டா, இறகுமொட்டு உண்டா, வால் எத்தனை என்று கேட்டுக்கொண்டே போனால் வருணம், அதாவது பல குடும்பங்கள் அடங்கிய பெரும் பிரிவு, பிடிபட்டுவிடும். ஊசித்தும்பிக் குடம்பிக்கு வால்நுனியில் இலைபோன்ற மூன்று பூக்கள் இருக்கும். செவுளைப் பூ என்று நாங்கள் படித்ததற்கு இதைவிடப் பொருத்தமான சீவன் இல்லை.

ஒரு மாலை, மேல் இடத்துப் போத்தலில் இரண்டு வால் கொண்ட குடம்பி ஒன்று கண்ணில் பட்டது. கல் ஈ! குளிர்ந்து வேகமாக ஓடும் நீரில் வாழ்வது, பத்துக்குப் பத்துப் புள்ளி பெறுவது. பிள்ளைகளுக்கு உடனே செய்தி அனுப்பிவிட்டேன். இரவு படுக்கையில் ஒரு சந்தேகம் வந்து எழுந்து மறுபடி பார்த்தேன். கல் ஈயின் காலில் இரண்டு நகங்கள் இருக்க வேண்டும், இதற்கு ஒன்றுதான். கல் ஈக்கு வயிற்றின் இரு பக்கமும் வரிசையாகப் பூக்கள் இருப்பதில்லை, இதற்கு இருந்தன. இது மே ஈ என்னும் வேறொரு நீர்ப்பூச்சியின் குடம்பி; அதற்குப் பெரும்பாலும் மூன்று வால். மூன்றாவது வால் எங்கள் தூரிகைக்கு முன்னாலேயே ஒடிந்திருந்தது, அடிக்கட்டை மட்டும் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், வன்னியின் வெப்பத்தில் கல் ஈயை எதிர்பார்த்ததே என் ஆசைதான். 10 பாகை நீரில் இலீற்றருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஒட்சிசன் கரையும். 30 பாகை நீரில் ஏழரை மில்லிகிராம்தான். நம் ஓடை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அந்தக் கணக்கை மாற்ற முடியாது.

புள்ளி போட்டபோது மேல் இடத்தில் பத்துக் குடும்பங்களுக்கு 60, சராசரி 6. மே ஈயில் இரண்டு குடும்பம், மணற்சட்டைக்காரன், வலை பின்னும் இன்னொரு நீர்ப்புழு இனம், தும்பிகள் என நல்ல கூட்டம். மதகடியில் ஏழு குடும்பங்களுக்கு 30, சராசரி 4.3. அங்கே மே ஈ ஒன்றும் இல்லை, செம்புழுக்கள் மொய்த்தன. அவற்றின் சிவப்பு, நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஈமோகுளோபின். ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அவை பிழைப்பது அதனால்தான். ஆனால் 4.3 என்பதே மிகை என்று நான் நினைக்கிறேன். அந்த ஏழில் ஒன்று, பிரித்தானிய அட்டவணை 8 புள்ளி கொடுக்கும் தும்பிக் குடும்பம். அங்கே அது தூய நீரின் அடையாளமாக இருக்கலாம். இங்கே அதே குடும்பம் எந்தக் கலங்கல் குளத்திலும் குட்டையிலும் இருக்கும். அதை விட்டுக் கணக்கிட்டால் சராசரி 3.7க்கு இறங்குகிறது. தாய்லாந்தில் இதே அட்டவணையைத் தங்கள் பூச்சிகளுக்கேற்பத் திருத்தியது சும்மா அல்ல. எனவே நாங்கள் எண்ணை ஊருக்கு அறிவிக்கவில்லை. மேல் இடத்தை அளவுகோலாக வைத்து, அதே நாளில் மற்ற இரண்டிலும் எவை இல்லை என்பதை மட்டுமே பாடசாலைச் சுவரில் எழுதினோம்.

நடு இடம்தான் என்னை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தை நடுவில் அங்கே மே ஈக்கள் இருந்தன. இரண்டு கிழமை கழித்து, வயல்களுக்கு மருந்தடித்த பிறகு, ஒன்றுகூட இல்லை. நீர் கண்ணாடி போல் இருந்தது. இரவல் வாங்கிய மானியில் ஒட்சிசன் நன்றாக இருந்தது. நீர்வண்டுகளும் மூட்டுப்பூச்சி இனங்களும் இருந்தன. ஆனால் அவற்றிற் பல மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை, சிறகு முளைத்தவை வேறு ஓடைக்குப் பறந்து போய் வரக்கூடியவை. அவை சொல்லும் சாட்சியை நான் பெரிதாக எடுப்பதில்லை. மே ஈ பூச்சிகொல்லிகளுக்கு மிக எளிதில் சாகும் இனம். ஆயினும் ஒரே ஓடையில் ஒரே ஒரு முறை கண்டதை வைத்து மருந்துதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இடையில் ஒரு நாள் மழையும் பெய்தது. மருந்தடிக்கும் நாள் எது என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், அதற்கு முன்னும் பின்னும் பிடித்திருக்கலாம்.

இதை அண்ணையிடம் சொல்லத் தயங்கினேன். அவருடைய வயல் நீரும் அந்த வாய்க்காலில்தான் விழுகிறது. கடன் பட்டுச் செய்யும் வெள்ளாண்மையைக் குறை சொல்வதாக ஆகிவிடும். கடைசியில், நடு இடத்தில் மருந்தடிக்க முன்னும் பின்னும் பிடித்த இரண்டு போத்தல்களையும் கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “இந்த வாலுப்பூச்சியைச் சின்னனில கண்டிருக்கிறன் சேர், வேரைத் தூக்கினாக் கையில ஏறும்” என்றார். மருந்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருடம் தை மாதம் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மூன்று வயல்காரர் சேர்ந்து மருந்தடிக்கப் போவதாகவும், வியாழனே வந்து பிடித்துக்கொள்ளும்படியும் சொன்னார். வியாழன் ஒருமுறை, திங்கள் ஒருமுறை, பத்து நாள் கழித்து இன்னொருமுறை பிடித்தோம். போத்தல்கள் ஆய்வுகூட அலுமாரியில் பென்சில் துண்டுகளோடு இருக்கின்றன. தவணைப் பரீட்சை முடிந்ததும் பிரிக்க உட்காருவோம்.