வீழ்படிவின் முன் நிற்கும் கோடு

காட்பாடியின் மே மாத இரவில், மின்விசிறி அனல்காற்றையே சுழற்றிக்கொண்டிருக்க, கணினித் திரையில் ஒரு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிக்கல் படிகத்துக்குள் அணுவரிசை பிறழ்ந்திருக்கும் இடம் அது. அந்த இடப்பிறழ்வு நகர்வதால்தான் உலோகம் நிரந்தரமாக உருமாறுகிறது. ஜெட் எஞ்சினின் நிக்கல் கலப்புலோக டர்பைன் பிளேடுகளில் அதை மறிப்பவை, நிக்கலும் அலுமினியமும் 3:1 விகிதத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்ட காமா பிரைம் வீழ்படிவுகள், அதாவது உலோகத்துக்குள்ளேயே பிரிந்து உருவாகும் நுண்துகள்கள்.

முதல் கோடு வீழ்படிவை வெட்டிக்கொண்டு புகுந்தால் அந்த ஒழுங்கு குலைந்து ஆற்றல் கூடுகிறது; பின்னால் வரும் இரண்டாவது கோடு குலைந்ததைச் சீராக்குவதால், இரண்டும் ஜோடியாகவே பயணிக்கின்றன. வெட்ட இயலாதபோது, இயற்பியலாளர் ஓரோவான் 1948இல் விளக்கியவாறு, கோடு இரு வீழ்படிவுகளுக்கிடையே வில்லாக வளைந்து, அவற்றைச் சுற்றி வளையங்களை விட்டுவிட்டு முன்னேறுகிறது. அந்த வில்லின் இரு கைகளும் வீழ்படிவுக்குப் பின்னால் சந்தித்து, ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, வளையம் தனியே பிரியும் கணத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் உயர்வெப்பத்தில் மூன்றாவது வழியொன்றும் உண்டு. அணு வெற்றிடங்கள், அதாவது படிகத்தில் அணு இல்லாத காலி இடங்கள், ஊடுபரவி வந்து சேர, கோடு தான் வழக்கமாக நகரும் சறுக்குத் தளத்தைவிட்டு மேலேறி வீழ்படிவைக் கடந்துவிடுகிறது. அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தும் கணிப்பில் ஒரு காலப்படி ஒரு ஃபெம்டோ வினாடி (வினாடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) அளவே என்பதால், மணிக்கணக்கில் நிகழும் இந்த ஏற்றம் அதில் அகப்படாது. ஆகவே கோடுகளை மட்டும் கணக்கிடும் இடப்பிறழ்வு இயக்கவியலில் ஏற்றத்தின் வேகத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். அதை விட்டுவிட்ட கணிப்பை உயர்வெப்பக் கணிப்பென்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.