திரையில் தொடங்கும் இளைஞர் பரிமாற்றம்

புதுச்சேரிப் பிள்ளைகளும் பிரான்ஸ் பிள்ளைகளும் நேரில் சந்திக்குமுன் நாலு வீடியோ கால் போதும். நேரக் கணக்கில்தான் கோட்டை விடுவார்கள். பிரான்ஸ் நமக்குக் கோடையில் 3½ மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 4½. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரம் வழக்கமான நேரத்துக்கு உட்கார்ந்தால் எதிர்முனையில் ஆள் இருக்காது. 20 பேரை ஒரே திரையில் போட்டால் இரண்டு பேர்தான் பேசுவார்கள், நாலு நாலாகப் பிரியுங்கள்.

பிரான்ஸ் பிள்ளைகள் இங்கே வந்ததும் எல்லோருக்கும் ஒருநாள் போன் இல்லாமல். திடீரென்று பிடுங்கினால் முறைப்பார்கள். முந்தின நாளே வீட்டுக்குச் சொல்லிவிடட்டும், பொறுப்பாளர் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். உள்ளூர்ப் பிள்ளை ஒன்று, விருந்தாளி ஒன்று என ஜோடி. பெரிய மார்க்கெட்டுக்கு வழி கேட்டுப் போய் ஒரு முழம் மல்லி வாங்கி வரவேண்டும். பேரம் பேசுவது விருந்தாளி. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். அங்கே வட்டமாக உட்கார்த்தி, திரையில் தெரிந்தவரும் நேரில் பார்த்தவரும் எங்கே வேறுபட்டார்கள் என்று பேசவிடுங்கள். இதற்கு முழுசாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.